பின்நவீன ஆங்கிலக் கவிதை படிக்க உட்காருகிறவர்களுக்கு

இது யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூனிலோ மோல்மீனிலோ பெகுவிலோ இருந்துகொண்டு, வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசிக்கொண்டு, ஆங்கில இலக்கியத்தைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ, இல்லை சும்மா ஆசைக்கோ படிக்கிற பிள்ளைகளுக்கு. வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ் வரைக்கும் சிரமமில்லாமல் போகும். அப்புறம் திடீரென்று ஒரு பக்கம் வரும். சொல்லெல்லாம் தெரிந்த சொல்லாகவே இருக்கும், ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த இடத்தில்தான் நிறையப் பேர் புத்தகத்தை மூடிவிட்டு கைடு தேடப் போகிறார்கள்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கவிதை படித்த விதம் தெரியும்தானே. கவிதை ஒரு பக்கம், அதன் பொழிப்புரை மறுபக்கம். பொழிப்புரையை மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே இறக்கிவைத்தால் மார்க். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு வருவதால், எந்தக் கவிதையைப் பார்த்தாலும் "கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இந்த வகைக் கவிதையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் வராது. "இதை எப்படிச் செய்திருக்கிறார்கள், என்ன விதி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள், பதில் வரும். சில சமயம் எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு கேள்வியை எப்படி எப்படிக் கேட்பது என்பதுதான்.

பின்னணி கொஞ்சம் போதும். 1978 முதல் 1981 வரை நியூயார்க்கில் சார்லஸ் பெர்ன்ஸ்டீனும் புரூஸ் ஆண்ட்ரூஸும் 'லாங்குவேஜ்' என்று ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார்கள். பெயரை எழுத்துக்கு எழுத்து நடுவில் சமக்குறி போட்டு அச்சிடுவார்கள். அதையும், சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே காலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்துத்தான் லாங்குவேஜ் கவிஞர்கள் என்கிறோம். வியட்நாம் யுத்தம் நடந்தபோது வயதுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அரசாங்க அறிக்கையும் விளம்பரமும் வழவழப்பான வாக்கியத்தில் எதை வேண்டுமானாலும் நம்பவைக்கும் என்று பார்த்தவர்கள், அதனால் வழவழப்பான வாக்கியத்தின் மேலேயே அவர்களுக்குச் சந்தேகம். "நான்" என்று ஒருவர் உட்கார்ந்து தன் மனதைத் திறந்து காட்டுகிற கவிதை மேலும் சந்தேகம். இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கலாம். தெரிதா, லியோதார் எல்லாம் பிறகு. கோட்பாட்டிலிருந்து தொடங்கியவர்கள் கவிதைக்கு வந்து சேர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

தொடங்க வேண்டிய இடம் என் கணக்கில் அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன். 1914இல் வந்த 'டெண்டர் பட்டன்ஸ்'. கால வரிசைப்படி பார்த்தால் அது பின்நவீனமே கிடையாது, நவீனத்துவக் காலத்துப் புத்தகம். ஆனால் மேலே சொன்ன கூட்டம் முழுவதும் அந்த அம்மாவைத்தான் மூதாதையாக வைத்துக்கொண்டது. இன்னொரு வசதி, காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதல் துண்டே ஒரு கண்ணாடிக் கூஜாவைப் பற்றியது, மொத்தம் மூன்றே வாக்கியம். அதை எடுத்து நோட்டில் கையால் எழுதுங்கள். ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்வது கணக்கில் சேராது. கையால் எழுதும்போதுதான் கமா எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டியது இல்லை என்று தெரியும்.

எழுதியாயிற்றா, இப்போது வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். முதல் வாக்கியம் "எ கைண்ட் இன் கிளாஸ் அண்ட் எ கசின்" என்று தொடங்கி நீளமாகப் போகிறது, ஆனால் அதில் முற்றுவினை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வாக்கியத்திலும் இல்லை, அங்கே இருப்பது மூன்று "நாட்". மூன்றாவது வாக்கியம் "தி டிஃபரன்ஸ் இஸ் ஸ்ப்ரெடிங்". அங்கேதான், கடைசியில்தான், ஒரு வினை வந்து சேர்கிறது, வந்ததும் எல்லாம் பரவத் தொடங்குகிறது. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் "இவர் என் மாமா", "அது காளி கோயில்" என்று வினையே இல்லாமல் வாக்கியம் நிறைவாக நிற்கும், அதனால் ஆங்கிலத்தில் வினை காணாமல் போனது நம் காதுக்கு உறைப்பதே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு அந்த இடத்தில் படி இல்லாத மாடியில் கால் வைத்தது மாதிரி இருக்கும். அந்தத் தடுக்கல்தான் கவிதையின் பாதி வேலை. நமக்கு அது தானாக நடக்காது, அதனால்தான் அடிக்கோடு.

அப்புறம் ஓசை. தலைப்பில் "பிளைண்ட்" என்று இருக்கிறது, முதல் வரியில் "கைண்ட்". "ஸ்பெக்டகிள்" என்றால் வேடிக்கைக் காட்சி, கூட ஒரு 'ஸ்' சேர்த்தால் மூக்குக்கண்ணாடி. பக்கத்திலேயே கண்ணாடியும் இருக்கிறது, பார்வை இல்லாமையும் இருக்கிறது. "நத்திங் ஸ்ட்ரேஞ்ச்" என்பதற்கும் அடுத்து வருகிற "காயப்பட்ட ஒற்றை நிறம்" என்பதற்கும் நடுவில் கமா வர வேண்டும், வரவில்லை. உரக்கப் படித்தால் மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் திணறுவீர்கள். "டு பாயிண்டிங்" என்று ஒரு பிரயோகம் வருகிறது, என்னிடம் வருகிற எந்தப் பிள்ளையாவது அப்படி எழுதினால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். போன வருஷம் ஒரு பையன், "சயாமா (பர்மியத்தில் டீச்சர்), இந்தம்மா எழுதினா கவிதை, நான் எழுதினா தப்பா?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். நீ தெரிந்து செய்தாயா, ஒரே மாதிரி மறுபடியும் செய்ய முடியுமா, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டான், ஆனால் அடுத்த வாரம் தானாகவே இன்னும் இரண்டு துண்டுகளுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டு வந்தான்.

இந்த மாதிரி ஒரு துண்டுக்கு ஒரு மாலை நேரம் செலவழிக்கலாம். பத்துத் துண்டை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட ஒன்றைப் பிய்த்துப் பார்ப்பது மேல். ஒரு எச்சரிக்கை: கூகுள் டிரான்ஸ்லேட்டிலோ வேறு ஏதாவது செயலியிலோ இதைப் போட்டுத் தமிழில் பார்க்காதீர்கள். அந்தச் செயலிகளின் வேலையே கோணலை நேராக்குவது. கவிஞர் வேண்டுமென்றே உடைத்துவைத்த வாக்கியத்தை அது பாசத்தோடு ஒட்டிக் கொடுத்துவிடும், நீங்கள் ஒட்டின பாத்திரத்தைப் பார்த்துவிட்டு இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அகராதி வேண்டும், ஆங்கிலம்–ஆங்கிலமாக, சொல் பிறந்த கதையும் போட்டிருக்கிற கனமான அகராதியாக இருந்தால் நல்லது. பன்சோடான் பக்கமும் 37ஆம் தெருவிலும் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் பழம்பதிப்பு அகப்படும்.

அடுத்தது லாங்குவேஜ் கவிஞர்களில் ஒருவரான லின் ஹெஜினியன். 'மை லைஃப்' என்ற அவருடைய புத்தகம் நான் சொல்கிற முறைக்கு அளவெடுத்துத் தைத்தது. 1980இல் வந்த முதல் பதிப்பில் 37 பகுதிகள், பகுதிக்கு 37 வாக்கியங்கள், ஏனென்றால் எழுதும்போது அவருக்கு வயது 37. அப்புறம் 1987இல் மறுபதிப்பு போட்டபோது 45 பகுதிகளாக்கி, பழைய ஒவ்வொரு பகுதியிலும் புதிதாக எட்டு எட்டு வாக்கியங்களைச் செருகி, பகுதிக்கு 45 வாக்கியமாக்கினார். யோசித்துப் பாருங்கள், 45 வயதில் தன் பழைய ஞாபகங்களுக்குள்ளேயே போய் நடுநடுவே வாக்கியம் சொருகுகிறார், ஞாபகம் என்பது நிஜத்திலும் அப்படித்தானே நடக்கிறது. சுயசரிதைதான், ஆனால் "அதனால்", "அதன் பிறகு" என்று எதுவும் வாக்கியங்களை இழுத்துக் கட்டாது. சில சொற்றொடர்கள் மட்டும் புத்தகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து போகும், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வேறு வாக்கியம் இருப்பதால் வேறு நிறத்தில் தெரியும். அவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடச் செய்து புரிந்துகொள்வது சுலபம். உங்கள் வயது எத்தனையோ அத்தனை வாக்கியம் எழுதுங்கள், ஆங்கிலம் வராவிட்டால் முதலில் தமிழிலேயே. ஒரே நிபந்தனை, ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் பாலம் போடக் கூடாது. உதாரணத்துக்கு நானே நாலு போடுகிறேன்:

"கரண்ட் போனால் அப்பா முதலில் ரேடியோவைத்தான் தட்டிப் பார்ப்பார். எங்கள் தெருவில் மூன்று பாஷையில் கடன் கேட்கலாம். தனாக்கா பூச்சு காய்ந்ததும் கன்னத்தைப் பிடித்து இழுக்கும். அனோரத்தா சாலைக் காளி கோயில் புறாக்கள் பஸ் ஹாரனுக்கு அசையாது."

இதில் கன்னத்துக்கும் கடனுக்கும் நான் ஒரு சம்பந்தமும் சொல்லவில்லை. ஆனாலும் படிக்கிறவர் மனது சும்மா இருக்காது. கடன் கேட்கப் போன முகம், இறுகிய கன்னம் என்று ஏதோ ஒன்றைத் தானே கட்டிக்கொள்ளும். இப்போது "ஏனென்றால்", "ஆனாலும்" என்று நடுவில் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கதையாகிவிடும், வாசகருக்கு வேலை இல்லாமல் போய்விடும். இன்னொரு லாங்குவேஜ் கவிஞர் ரான் சில்லிமன் இதற்குத்தான் "புதிய வாக்கியம்" என்று பெயர் வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்தப் பயிற்சியை முடித்த பிறகு அந்தக் கட்டுரையைப் படித்தால் பாதி நமக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். அவருடைய 'ஜான்டிங்' என்ற நூலில் பத்திக்கு எத்தனை வாக்கியம் என்பது ஃபிபனாச்சி வரிசைப்படி, அதாவது ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று வளர்ந்துகொண்டே போகும். முதல் பத்திகளைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடலாம், கடைசிப் பத்திகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

விதி வைத்து எழுதுவது என்றதும் நம்மவர்களுக்கு மிரட்சி வரத் தேவையே இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் சீர்காழியில் "யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா" என்று பாடிவைத்திருக்கிறார். அந்த அடியையும் அடுத்த அடியையும் சேர்த்துக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு வரும். மாலைமாற்று என்று பெயர். தண்டியலங்காரத்தில் சித்திரகவி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் நிரோட்டம் என்றால் உதடு ஒட்டாமல் பாடுவது. "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்ற குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒன்றையொன்று தொடாது. இப்போது பிரான்சுக்கு வாருங்கள். 1960இல் தொடங்கிய, விதி வைத்து எழுதிப் பார்க்கிற ஊலிப்போ என்கிற எழுத்தாளர் குழுவில் இருந்த ஜார்ஜ் பெரெக், 1969இல் 'e' என்ற எழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவல் எழுதினார். கனடாக்காரர் கிறிஸ்டியன் பாக் 2001இல் 'யூனோயா' என்று ஒரு புத்தகம் போட்டார், ஐந்து அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு உயிரெழுத்துதான் வரும். ஏழு வருஷ வேலை. அடுத்த வருஷம் கிரிஃபின் பரிசு கிடைத்தது. நம் நிரோட்டப் புலவரைக் கூட்டிவந்து பாக்கின் பக்கத்தைக் காட்டினால் மனுஷர் ஆச்சரியமே படமாட்டார், அடுத்த அத்தியாயம் எங்கே என்றுதான் கேட்பார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது" என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள், நான் படித்து அலுத்த வரி அது. சித்திரகவி பாடியவர் தன் திறமையைச் சாமிக்கோ புரவலருக்கோ காணிக்கையாக வைத்தார், அர்த்தம் அங்கே பத்திரமாக இருக்கும், உரையாசிரியர் பிரித்துக் காட்டிவிடுவார். ஊலிப்போக்காரர்களுக்கு விதி என்பது ஒரு கருவி, தானாகத் தோன்றாததைத் தோன்றவைக்க. லாங்குவேஜ் கவிஞர்களுக்கோ பேசுகிற ஆள் மேலேயே நம்பிக்கை இல்லை. ஒரே மாதிரியான கட்டு, மூன்று விதமான காரணம். இந்த வித்தியாசத்தை எழுதினால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு.

ஊலிப்போவின் சின்ன விளையாட்டு ஒன்றை மட்டும் செய்து பார்த்துவிடுங்கள். என் பிளஸ் ஏழு (N+7, 'என்' என்பது நௌன், அதாவது பெயர்ச்சொல்) என்பார்கள். ஏதாவது ஒரு ஆங்கிலப் பத்தியை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அடித்துவிட்டு, அகராதியில் அதற்குப் பிறகு வருகிற ஏழாவது பெயர்ச்சொல்லைப் போட வேண்டும், அவ்வளவுதான். வங்கி அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாள், எது வேண்டுமானாலும் சரி. முதலில் சிரிப்பாக வரும். சிரித்து முடித்த பிறகு கவனியுங்கள், அர்த்தம் சுத்தமாகப் போன பிறகும் அந்த அதிகாரத் தோரணை அப்படியே நிற்கும். தோரணை சொற்களில் இல்லை, வாக்கியக் கட்டில் இருக்கிறது என்று எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்தையும்விடத் தெளிவாக இது காட்டிக்கொடுக்கும்.

பர்மாவில் இருந்துகொண்டு இதையெல்லாம் அமெரிக்காக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பது எனக்குப் புரியவே புரியாத விஷயம். 2008 ஜனவரியில் சோ வாய் என்ற கவிஞர் இங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பிப்ரவரி 14 என்று ஒரு காதல் கவிதை எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணக் காதலர் தினக் கவிதை. வரிகளின் முதல் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் "அதிகாரப் பித்துப் பிடித்த மூத்த ஜெனரல் தான் ஷ்வே" என்று, அப்போதைய ராணுவ ஆட்சித் தலைவரின் பெயரோடு வரும். பத்திரிகை விற்றுத் தீர்ந்தது, அவரைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். தணிக்கைக்காரர்கள் "இதில் என்ன சொல்ல வருகிறார்" என்று மட்டும் படித்தார்கள், எப்படிச் செய்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

இங்கேயே ஒரு பாலமும் இருக்கிறது. ஸேயா லின் என்ற பர்மியக் கவிஞர், ரங்கூனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், லாங்குவேஜ் கவிதையை மொழிபெயர்ப்பிலும் கட்டுரையிலும் பர்மிய வாசகர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கோ கோ தெட்டும் ஜேம்ஸ் பைர்னும் தொகுத்து 2012இல் இங்கிலாந்தில் வெளியான 'போன்ஸ் வில் க்ரோ' தொகுப்பில் 15 பர்மியக் கவிஞர்கள் இருக்கிறார்கள், ஒரு பக்கம் பர்மியம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். நமக்கு இரண்டும் தெரியும் என்பதால், அமெரிக்காவில் உட்கார்ந்து படிக்கிற மாணவருக்குக் கிடைக்காத ஒரு வசதி கிடைக்கிறது: பர்மிய வரி எங்கே உடைகிறது, ஆங்கிலத்தில் எங்கே உடைத்திருக்கிறார்கள் என்று நேராக ஒப்பிடலாம். இதை யாராவது நம் பிள்ளைகள் ஆய்வாகவே செய்யலாம், செய்ய வேண்டும்.

அழிப்புக் கவிதை என்று ஒரு வகை உண்டு, இருக்கிற ஒரு பக்கத்தில் சொற்களை மறைத்துக்கொண்டே போய் மிஞ்சுகிறதைக் கவிதையாக்குவது. டாம் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1966இல் ஒரு பழைய விக்டோரியா காலத்து நாவலை எடுத்துப் பக்கம் பக்கமாக அதன் மேலேயே படம் தீட்டி, இடுக்கில் சில சொற்களை மட்டும் விட்டுவைத்து, வாழ்நாள் முழுக்க அதையே திருத்திக்கொண்டிருந்தார். முன்பதிவுத் தணிக்கை 2012 ஆகஸ்டில் நிற்கும் வரைக்கும் நம் ஊர்ப் பத்திரிகைகளில் மை பூசி மறைத்த பத்திகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வகையை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போமே, அந்தக் கண்ணோடுதான் எம். நூர்பெஸே பிலிப்பின் 'சோங்!' புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அது 2008இல் வந்தது. 1781இல் சோங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். கொலை என்று வழக்கு நடக்கவில்லை, சரக்கு நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் பணம் உண்டா இல்லையா என்றுதான் நடந்தது. 1783ஆம் வருஷத்து அந்த கிரெக்சன் எதிர் கில்பர்ட் வழக்கறிக்கை மிகச் சின்னது. பிலிப், தானே வழக்கறிஞராக வேலை பார்த்தவர், அந்த அறிக்கையின் சொற்களுக்குள்ளேயே தன்னைப் பூட்டிக்கொண்டார். முதலில் அதன் சொற்கள், பிறகு அந்தச் சொற்களை உடைத்தால் கிடைக்கிற துணுக்குகள். தொடக்கக் கவிதையில் தண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எழுத்தெழுத்தாகச் சிதறிப் பக்கம் முழுக்க மிதக்கும். அதைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டு, இடைவெளி இருக்கிற இடத்தில் நிஜமாகவே நிறுத்தி உரக்கப் படியுங்கள். வாயில் தண்ணீர் போனவர் பேசுகிற மாதிரி இருக்கும். பின்நவீனக் கவிதை என்றால் உணர்ச்சியே இல்லாத மூளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். படித்த பிறகு புத்தகத்தின் பின்னால் இருக்கிற வழக்கறிக்கையைப் பென்சிலோடு படித்து, கவிதையில் வந்த சொல் அதில் எங்கே இருக்கிறது என்று தேடிக் குறிக்க வேண்டும். கூலிக் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கப்பல் கணக்குப் புத்தகத்தில் ஆள் சரக்காக மாறுகிற அந்த இடம் வேறு விதமாகத் தைக்கும், அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை.

இதற்குப் பிறகுதான் கோட்பாடு. அதையும் ஒரு சண்டையோடு சேர்த்துப் படித்தால் மண்டையில் ஏறும். பாப் பெரல்மன் 'சைனா' என்று ஒரு கவிதை எழுதினார், ஒன்றோடொன்று சேராத தனித்தனி வாக்கியங்கள். 1984இல் மார்க்சிய விமர்சகர் ஃப்ரெட்ரிக் ஜேம்சன் பின்நவீனத்துவத்தைப் பற்றிய தன் பிரபலமான கட்டுரையில் அதை எடுத்துக்காட்டி, காலத்தொடர்ச்சி அறுந்துபோன, ஸ்கிட்சோஃப்ரீனியா மாதிரியான மொழி இது, முதலாளித்துவத்தின் இன்றைய கட்டத்துக்கு அடையாளம் என்றார். அந்தக் கவிதை பிறந்த விதமோ சாதாரணமானது: சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஒரு படப் புத்தகம் கிடைத்தது, படங்களுக்குக் கீழே இருந்த சீன எழுத்து பெரல்மனுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் தானே தலைப்பு எழுதிவிட்டார். இது தெரிந்த பிறகு ஜேம்சன் சொன்னது தப்பாகிவிடுமா, இல்லை இன்னும் வலுவாகிறதா? நான் தப்பு என்கிற கட்சி. காணாமல்போன படங்களை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த வாக்கியங்கள் ஒழுங்காக ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. நீங்கள் எதிர்க் கட்சியில் நின்று வாதாடலாம். லத்தா பக்கம் நம் சைனாடவுனில் ஒரு சீன நாட்காட்டியை வாங்கி அதே வேலையைச் செய்துவிட்டு வாதாடினால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேட்பது பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பென்சிலவேனியா பல்கலைக்கழகத்தின் பென்சவுண்ட் தளத்தில் இந்தக் கவிஞர்கள் தாங்களே வாசித்த ஒலிப்பதிவுகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன, எம்பி3 ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கரண்டும் இன்டர்நெட்டும் இருக்கிற நேரத்தில் இறக்கி ஃபோனில் போட்டுவைத்துவிட்டால் இருட்டில் கேட்க இதைவிடத் தோதான படிப்பு கிடையாது. ஸ்டைனின் குரலே அங்கே இருக்கிறது, அந்த அம்மா எவ்வளவு நிதானமாக, ஏதோ பலசரக்குக் கணக்கு வாசிக்கிற மாதிரி வாசிக்கிறார் என்று கேட்டால் பாதிப் பயம் போய்விடும். அதே பல்கலைக்கழகத்து அல் ஃபில்ரெய்ஸ் 2012 முதல் மாட்போ என்று ஒரு இலவச ஆன்லைன் வகுப்பு நடத்துகிறார். அதன் வீடியோக்களில் அவர் பேருரை நிகழ்த்த மாட்டார். மாணவர்கள் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கவிதையைச் சொல் சொல்லாகக் குடைவார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். நம் பிள்ளைகள் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சயா, அதாவது வாத்தியார், சொன்னதை மறுத்துப் பேசுவது நம் வகுப்புகளில் பழக்கமே இல்லை.

பிடிக்காமல் போனால்? போகட்டும். கென்னத் கோல்ட்ஸ்மித் 2000 செப்டம்பர் முதல் தேதி நியூயார்க் டைம்ஸ் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை டைப் செய்து 'டே' என்று 836 பக்கப் புத்தகமாகப் போட்டார். யோசனையைத் தெரிந்துகொண்டால் போதும், பங்குச் சந்தை விலைப் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிவிட்டு மூடிவிடலாம். அவரே தன் புத்தகங்களைப் படிக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்தான். ஒரு கவிதை அலுப்பாக இருந்தால் அலுப்பு எங்கே தொடங்கியது என்று மட்டும் ஓரத்தில் குறித்துவையுங்கள், கட்டுரை எழுதும்போது அந்தக் குறிப்பு உதவும்.

கட்டுரை என்று வந்துவிட்டதால், பரீட்சைக்கோ அசைன்மென்ட்டுக்கோ எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இக்கவிதை நவீன மனிதனின் சிதைவைக் காட்டுகிறது" என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியம் இந்த வகைக் கவிதை எதற்கும் பொருந்தும், அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. முதலில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: எத்தனை வாக்கியம், எங்கே வினை இல்லை, எந்தச் சொல் திரும்ப வருகிறது, பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம். அடுத்து, இதிலிருந்து நீங்கள் ஊகிக்கிற விதி. அதற்கடுத்து, கவிஞர் தன் விதியைத் தானே மீறுகிற இடம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து அங்கே நின்று நீளமாக எழுதுங்கள், நல்ல மார்க் அங்கேதான் இருக்கிறது. ஜேம்சனையும், இந்தக் கவிதைகளைப் பற்றி நிறைய எழுதிய விமர்சகர் மார்ஜரி பெர்லாஃபையும் மேற்கோள் காட்டுவதாக இருந்தால் அதற்குப் பிறகு, அதுவும் நீங்கள் சொன்னதை மறுக்கிற மேற்கோளாக இருந்தால் நல்லது.

அமெரிக்கக் கவிஞர் ஜான் ஆஷ்பெரியை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று சிலர் கேட்பீர்கள். 1975இல் வந்த 'செல்ஃப் போர்ட்ரெய்ட் இன் எ கான்வெக்ஸ் மிரர்' அமெரிக்காவின் மூன்று பெரிய பரிசுகளையும் வாங்கியது, எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும். ஆனால் அவர் வாக்கியம் இலக்கணப்படி அழகாகவே போகும், வழியில் எங்கோ நம் கையை விட்டுவிட்டுப் போய்விடும், எங்கே விட்டார் என்றே தெரியாது. எண்ணியும் அடிக்கோடு போட்டும் பழகிய கண்ணுக்குத்தான் அந்த இடம் தட்டுப்படும், அதனால் அவரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஹாரியட் முல்லனின் 'ஸ்லீப்பிங் வித் த டிக்‌ஷனரி' படித்துவிடுவது நல்லது, என் பிளஸ் ஏழு செய்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். அமெரிக்கக் கவிஞர்கள் பலரும் ஒரே புத்தகத்தில் வேண்டும் என்றால் பால் ஹூவர் தொகுத்த நார்ட்டன் தொகுப்பு இருக்கிறது, 2013இல் வந்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், 1994 பதிப்பில் புதியவர்கள் இருக்க மாட்டார்கள்.